கெட்ட செக்டார், எண் பதினேழு

அம்சத்துக்குத் தேவைப்பட்டது ஒரு தண்ணீர். குடிக்க அல்ல, வயலுக்கு. போகத்தின் கடைசியில் ஒரே ஒரு தண்ணீர் கட்டிவிட்டால் போதும், மிச்சத்தைப் பயிர் பார்த்துக்கொள்ளும்.

கீழக்காரையூரில் பதினேழாம் நம்பர் வாய்க்காலின் கடைக்கோடியில் அவளுக்கு அஞ்சு மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். இந்த வருஷம் நாற்று பிந்தி, நடவு பிந்தி, பொங்கல் நெருங்கும்போதுதான் கதிர் தலைகாட்டிப் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தச் சமயத்தில் வயல் காய்ந்தால் கதிர் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. பதரைத் தூற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த வாய்க்காலில் பாயும் மேல்வயல்காரர்கள் அறுப்புக்காக வயலைக் காயப் போட்டுவிட்டதால் வழக்கமாக வடிந்து வருகிற தண்ணீரும் இல்லை. தை பதினாலு வாக்கில் மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்குள் வாய்க்கால் தலைப்பில் உள்ள ஷட்டரைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு ஓர் ஆள் இரும்புச் சக்கரத்தைப் பதினெட்டுச் சுற்று சுற்றினால் போதும். ஆள் இருந்தான், சக்கரம் இருந்தது, ஆற்றில் தண்ணீரும் இருந்தது. முறைச் சீட்டு மட்டும் இல்லை.

முறைச் சீட்டு கொடுப்பது டெல்டா முறைப்பாசனக் கட்டுப்பாட்டு வாரியம். குடவாசல் போகிற சாலையில் ஒரு மஞ்சள் கட்டடம். ஒரு காலத்தில் மதகு திறந்து மூடும் லஸ்கர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைத்து விட்டுவந்தார்கள். அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் அதைச் சீர்திருத்த வேண்டியிருந்தது. 1987-ல் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

பழுப்புப் பெட்டி, பச்சை எழுத்துத் திரை. பெட்டியை முடுக்கியதும் முதலில் அதற்குள் ஏறி உட்காருவது கன்ட்ரோல் புரோகிராம் என்கிற நிரல். ஒரு கறுப்புச் சதுர பிளாப்பியில் அது குடியிருந்தது. எதைத் தட்டினார்கள், பிளாப்பியில் எதை எங்கே எழுதுவது, பிரிண்டருக்கு எதை அனுப்புவது என்று மேஸ்திரி வேலை பார்ப்பதோடு சரி. இன்றைய கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கும் பெரிய இயக்க முறைமைகளுக்கு அது கொள்ளுத்தாத்தா முறை. உலகம் அதை எப்போதோ கும்பிட்டு அனுப்பிவிட்டது. வாரியம் அனுப்பவில்லை. கட்டுப்பாட்டு வாரியம், கட்டுப்பாட்டு நிரல் என்று பெயரிலேயே பொருத்தம் இருந்ததால், அது தனக்காகவே அருளப்பட்டது என்று தீர்மானம் போட்டு வைத்துக்கொண்டது.

கட்டடத்திலேயே ஏசி இருந்தது அந்த ஓர் அறையில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அரசு பிற்பாடு அனுப்பிய ஐந்து புதுக் கம்ப்யூட்டர்களும் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல்தான் பழைய பெட்டி கொலுவிருந்தது.

"புதுசெல்லாம் ஒழுக்கம் இல்லாததும்மா," என்று கட்டுப்பாட்டு அலுவலர் தமிழ்மாறன் அம்சத்துக்கு விளக்கினார். "ஒரே நேரத்துல பத்து வேலை பார்க்கும். பாட்டும் பாடும், கணக்கும் போடும். இது அப்படி இல்ல. ஒரு நேரத்துல ஒரே வேலை. அது முடியுற வரைக்கும் அடுத்த வேலைன்னு ஒண்ணு இருக்கிறதே இதுக்குத் தெரியாது. இதைப் பார்த்துத்தான் நாங்களும் கத்துக்கிட்டோம்."

கற்றுக்கொண்டதை அம்சம் கண்ணாலேயே பார்த்தாள். மார்கழியில் முதல்முறை மனுவோடு போனபோது ஆபரேட்டர் பிரகதாம்பாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். "மேடம்" என்று அம்சம் கூப்பிட்டாள். பிரகதாம்பாள் பதில் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்த பிறகே நிமிர்ந்தார்.

"டீ ஓடிட்டு இருந்துச்சு. இப்பச் சொல்லுங்க."

மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் போட்டார். மனுக்களைத் தனித்தனியாக ஓட்ட முடியாதாம். நாற்பது சேர்ந்தால்தான் ஒரு தொகுதி, தொகுதியாகத்தான் நிரல் பார்க்கும். அம்சத்தின் மனு முப்பத்தொன்பதாவது. நாற்பதாவது ஆள் ஒன்பது நாளாகியும் வரவில்லை. தினமும் பஸ் பிடித்து வந்து தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் எதிரே டீக்கடை வைத்திருக்கும் நௌஷாத்துக்கே பாவமாகிவிட்டது.

"எனக்கு நிலமே இல்லையேக்கா," என்றான்.

"பேரை மட்டும் குடு தம்பி. உனக்கு ஒண்ணும் வராது."

வந்துவிட்டது. தொகுதி ஓடி முடிந்ததும் நௌஷாத்தின் டீக்கடைக்கு வினாடிக்கு ஒன்றரை கன அடி வீதம் மூன்று நாளைக்குத் தண்ணீர் அனுமதிக்கப்பட்டிருந்தது. அவன் அந்தச் சீட்டைப் பாய்லருக்கு மேலே ஒட்டிவைத்தான். அம்சத்தின் மனு சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தது. "தங்கள் பாசனப் பரப்பு கெட்ட செக்டார் என நிரலால் கண்டறியப்பட்டுள்ளதால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது."

இந்த வாசகம் அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து வீட்டில் மனப்பாடம். அப்பா இளையபெருமாள் பண்ணையில் ஆளாக வேலை பார்த்தவர். வயிற்றைக் கட்டிச் சேர்த்து, பண்ணை விற்ற நிலத்தில் அஞ்சு மா வாங்கினார். அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் என்று பார்த்தது அதுதான் முதல்முறை. வாங்கி இரண்டாம் வருஷம் வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவர் போட்ட முதல் மனுவுக்கே கெட்ட செக்டார் என்று பதில் வந்தது. கடிதத்தை ஊர் வாத்தியார் படித்துச் சொன்னபோது இளையபெருமாள் ஆச்சரியப்படவில்லை.

"அதானே பார்த்தேன். நல்ல நிலமா இருந்தா நம்மகிட்ட எப்படி வரும்," என்றார்.

அதன் பிறகு முப்பத்து நாலு வருஷம் அந்த மண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். கோடைக்குக் கோடை குளத்து வண்டலைத் தலையில் சுமந்து கொட்டினார். தழையுரத்துக்குக் கொழிஞ்சி விதைத்து மிதித்தார். ஆடு ஓட்டி வரும் கீதாரிகளின் காலில் விழாத குறையாக ஆட்டுக்கிடை போட வைத்தார். நாலு வருஷம் முன்பு படுக்கையில் கிடந்தபோதும் கேட்டது, இந்த வருஷம் வண்டல் அடித்தாயா என்றுதான். இந்த வாய்க்காலை நம்பியிருந்த மற்றவர்கள் மனு போடுவதை எப்போதோ விட்டுவிட்டுத் தேக்கு நட்டிருந்தார்கள். இளையபெருமாள் மட்டும் வருஷம் தவறாமல் மனு போட்டார், வருஷம் தவறாமல் திரும்பி வந்தது. எல்லாக் கடிதங்களும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன.

அம்சத்துக்கு அப்பாவின் பொறுமை கிடையாது. மேல்முறையீடு செய்தாள். செக்டார் நல்லது என்று நிரூபித்தால் மறுபரிசீலனை உண்டு என்றார்கள். மண் பரிசோதனை செய்து கொண்டுவந்தாள். அறிக்கையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாமே தாராளம் என்றிருந்தது. முப்பத்து நாலு வருஷத்து வண்டலும் கிடையும் வேறு எங்கே போகும்.

தமிழ்மாறன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். "மண்ணு நல்லா இருக்கும்மா. செக்டார்தான் கெட்டிருக்கு. ரெண்டும் வேற வேற துறை."

அடுத்ததாக வாய்க்காலுக்கு நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். காவல் நிலையத்தில் ஏட்டு முதலில் சிரித்தார், பிறகு வாரியத்தின் கடிதத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார்: "எங்கள் சரகத்தில் மேற்படி வாய்க்கால் மீது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை." வாரியத்தில் அவளோடு வரிசையில் நின்ற நன்னிலத்துக்காரர் ஒருவரை மட்டும் எந்தச் சான்றும் இல்லாமல் உள்ளே விட்டார்கள். ஊர்ப் பெயரிலேயே நல்ல நிலம் என்று இருப்பதால் அந்தப் பக்கத்து மனுக்களுக்கு விலக்கு அளித்து 1991-லேயே சுற்றறிக்கை போயிருந்தது.

சான்றுகளோடு மறுபடி மனுவைப் பதியும்போது பிரகதாம்பாள் பிறந்த வருஷம் கேட்டார்.

"எழுபதுங்க மேடம்."

பிரகதாம்பாள் தட்டினார். திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "நிரலுக்கு வருஷம் ரெண்டே எழுத்துதான். இப்ப அதுக்கு இருபத்தாறு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தாறு. நீங்க பிறக்கிறதுக்கு இன்னும் நாப்பத்தி நாலு வருஷம் இருக்கும்மா."

"நான் இங்கதானே நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, இல்லேங்கல. பிறந்ததா அதுல காட்டல."

கிராம நிர்வாக அலுவலரிடம் போய், மேற்படி அம்சம் பிற்காலத்தில் பிறப்பார் என்பதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வந்தாள். அப்போது தமிழ்மாறனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இருபத்தாறாம் வருஷம் என்றால் அந்த நிலம் பண்ணையின் பேரில்தானே இருந்திருக்கும், அவர்களுடைய சம்மதம் வேண்டாமா என்றார். அந்த வருஷம் அம்சத்தின் தாத்தா அதே வயலில் பண்ணையாள். இப்படி ஒரு வராந்தாவில் நின்று தண்ணீர் கேட்கிற வாய் அவருக்கு இல்லை. நூறு வருஷம் சுற்றி அதே இடத்துக்கே வந்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. வராந்தாவின் சிமென்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பண்ணை வாரிசுகள் சென்னையில் இருந்தார்கள். வாட்ஸாப்பில் சம்மதம் வந்தது. அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. நாலு நாள் வாரியம் விடுமுறை. உழவர் திருநாளை முன்னிட்டு உழவர்களைப் பார்ப்பதில்லை என்று கதவில் ஒட்டியிருந்தது. விடுமுறை முடிந்து தொகுதி சேர்ந்து ஓடியதும் அதே சிவப்பு முத்திரை, அதே கெட்ட செக்டார். வயலில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

வாய்க்கால் தலைப்பில் லஸ்கர் ராம்கி சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "எனக்கு என்னக்கா, சீட்டு வந்தா அடுத்த நிமிஷம் திறந்துடுவேன். சீட்டு இல்லாம கை வச்சா வேலை போயிடும். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க." அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

தை பன்னிரண்டாம் தேதி, கடைசி முயற்சியாகப் பழைய கடிதங்களை எல்லாம் நகல் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனாள். ஜெராக்ஸ் கடை லியாகத் அலிக்கு எழுபது வயதை நெருங்குகிறது. வாலிபத்தில் குவைத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டியவர். ஒரு கடிதத்தை மெஷினில் வைக்கப் போனவர் நிறுத்திப் படித்தார். சிரித்தார். அடுத்த கடிதத்தைப் படித்தார், அதற்கடுத்ததையும். சிரிப்பு நின்றுவிட்டது.

"செக்டார்னா என்னன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களாம்மா?"

"எங்க பரப்புதானே பாய்."

"இல்லம்மா. பிளாப்பிக்குள்ள வட்டமா ஒரு தகடு இருக்கும். அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருப்பாங்க, வயலுக்கு வரப்புப் போட்டாப்புல. ஒரு துண்டுக்குப் பேரு செக்டார். உங்க வாய்க்கால் விவரம் எழுதியிருக்கிற துண்டுல கீறல் விழுந்திருக்கு. கெட்டது அவங்க பிளாப்பி. உங்க மண்ணு இல்ல."

அம்சம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்கப்பா..." என்று தொடங்கினாள். லியாகத் அலி கடையை மகள் ரிஃப்காவிடம் விட்டுவிட்டு, நாளைக்கு நானும் வர்றேன் என்றார்.

மறுநாள் காலை தமிழ்மாறன் அவர் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கேட்பது ஒரு வேலை, அது முடிந்த பிறகே பேசுவது.

"பாய், நீங்க சொல்றபடி பிளாப்பி கெட்டிருக்குன்னு வாரியம் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? முப்பத்தொம்பது வருஷமா குடுத்த சீட்டெல்லாம் கெட்ட பிளாப்பியிலேருந்து வந்ததா ஆயிடும். இந்த வாரியம் அப்படிப்பட்ட வாரியம் இல்ல. அப்ப பிளாப்பி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம். பிளாப்பி நல்லா இருந்தா, கெட்டது வேற ஏதோ ஒண்ணா இருக்கணும். மிச்சம் இருக்கிறது இந்தம்மா நிலம் ஒண்ணுதான்."

இருந்தாலும் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அன்றைய தொகுதியில் அவளுடைய மனுவை இன்னொரு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பெட்டி கறகறவென்று எதையோ தேடியது. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. வரியின் கடைசியில் ஒரு சின்னச் சதுரம் விட்டுவிட்டு மினுங்கியது. அது எதற்கோ காத்திருக்கிற மாதிரி அம்சத்துக்குத் தோன்றியது.

"பாருங்க, பேட் செக்டார்," என்று பிரகதாம்பாள் சிவப்பு முத்திரையை எடுத்தார்.

"இந்த வரி வந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று லியாகத் அலி கேட்டார்.

பிரகதாம்பாள் சுவரைக் காட்டினார். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்திலிருந்து ஒரு வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பேட் செக்டார், ரிட்டர்ன் டு இக்னோர். அதன் கீழே வாரியத்தின் தமிழாக்கம்: "கெட்ட செக்டார் எனில், மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டு அலட்சியப்படுத்தவும்."

"ரிட்டர்ன் பண்ணணும், அதுக்கப்புறம் அவங்களைக் கண்டுக்கக் கூடாது. அப்புறம் பெட்டியை அணைச்சுட்டுத் திரும்பப் போடுவோம். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒரு தடவைகூட மீறினதில்ல," என்றார். குரலில் பெருமை இருந்தது.

லியாகத் அலி விசைப்பலகையைக் குனிந்து பார்த்தார். வலது ஓரத்தில் பெரிதாக ஒரு பொத்தான், எழுத்து தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இதுக்குப் பேரு என்ன மேடம்?"

"பெரிய பொத்தான்."

"பேரு எழுதியிருந்துச்சே."

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு."

"இதுக்குத்தான் மேடம் ரிட்டர்ன்னு பேரு. புத்தகத்துல போட்டிருக்கிறது இந்தப் பொத்தானை. இதை அமுக்கினா கீறலைக் கண்டுக்காம தாண்டிப் போயிடும், அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் அதை அமுக்கினார்.

பிரிண்டர் அலறத் தொடங்கியது. முறைச் சீட்டு மெல்ல வெளியே வந்தது. வாய்க்காலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கேள்விக்குறிகளும் ஒரு பெருக்கல் குறியும் விழுந்திருந்தன. எண் பதினேழும், திறக்கலாம் என்ற உத்தரவும் தெளிவாக இருந்தன.

அம்சம் சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா பாய்?" என்றாள் அம்சம்.

"இவ்வளவுதாம்மா."

"முதல் வருஷமும் இதை அமுக்கியிருந்தா..."

"அன்னைக்கும் இதேதாம்மா."

அவள் மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். கடிதங்கள் மேஜையெல்லாம் பரவின. ஒவ்வொன்றிலும் இளையபெருமாளின் பெயர், ஒவ்வொன்றிலும் சிவப்பில் ரிட்டர்ன் என்று முத்திரை. அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, யாரையாவது அறைய வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

தமிழ்மாறன் நிதானமாகத்தான் பேசினார். "சீட்டு வந்துருச்சு. வந்த சீட்டை மறுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல, எடுத்துட்டுப் போங்க. நிரல் மேலயும் தப்பு இல்ல, வாரியத்து மேலயும் தப்பு இல்ல. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சது யார் தப்பு? ஆனா ஒண்ணு. இப்படி ஆளாளுக்கு இந்தப் பொத்தானை அமுக்கினா எல்லா வாய்க்காலுக்கும் தண்ணி போயிடும். அப்புறம் கட்டுப்பாடுன்னு ஒண்ணு எங்க இருக்கும்?"

அன்றைக்கே அந்தப் பொத்தானுக்குப் பூட்டுப் போட்ட பித்தளை மூடி ஒன்று செய்ய உத்தரவானது. அதைத் திறப்பதற்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மூவர் குழு ஒன்றும் அமைந்தது. அந்தப் பொத்தான் இல்லாமல் பெட்டியில் எந்த வேலையுமே ஓடாது என்பது குழுவின் இரண்டாவது கூட்டத்தில்தான் தெரியவந்ததாகச் சொல்கிறார்கள்.

அம்சம் சாயங்காலத்துக்குள் வாய்க்கால் தலைப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். ராம்கி சீட்டை வாங்கிப் பார்த்தான். கேள்விக்குறிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சீல் இருந்தது, போதும். பதினெட்டுச் சுற்று சுற்றினான். ஷட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் முதலில் யோசித்து, பிறகு குப்பையையும் சருகையும் தள்ளிக்கொண்டு கடைக்கோடியை நோக்கி ஓடியது.

"ஒரு கையெழுத்துக்கா," என்று சீட்டோடு வந்திருந்த ஒப்புகைப் படிவத்தை நீட்டினான். தண்ணீர் பெற்றுக்கொண்டேன் என்பதற்குக் கீழே ஒரு வரி அச்சாகியிருந்தது: "பயனாளியின் செக்டார் நல்லது / கெட்டது. பொருந்தாததை அடிக்கவும்."

அம்சம் படிவத்தை மதகுக் கட்டையின் மேல் வைத்து, பேனாவை வாங்கி, கெட்டது என்ற சொல்லை அடித்தாள். மறுபடி அடித்தாள். வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே அடித்தாள்.

"ஒரு கோடு போதும்க்கா, பேப்பர் கிழியுது," என்றான் ராம்கி.

"வருஷத்துக்கு ஒண்ணு போடுறேன், இருடா," என்றாள்.